நொத்தாரிசு வீட்டு உண்மைப் பிரதி

நொத்தாரிசு வீட்டில் எழுதிய காணி உறுதியில் ஓர் எழுத்தில்கூட வெட்டுக்குத்து இருந்ததாக இன்றுவரை எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் பொய்யர். கணேசலிங்கத்தின் தகப்பனார் நாற்பத்திரண்டு வருடம் காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாக இருந்தவர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முழுத்தாளையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளில் முதலிலிருந்து தொடங்குவார். மூத்த மகன் கணேசலிங்கம் மாவட்ட அரசாங்க அதிபரின் அலுவலகமான யாழ்ப்பாணம் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்சனோடு இளைப்பாறினார். அவரும் அதே அச்சு.

இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. கலியாணம் செய்யவில்லை. மெல்பேணில், கிளேட்டனில், தம்பி அருந்தவனின் வீட்டில் இருக்கிறார். வரவேற்பறையில் வாசலைப் பார்த்தபடி உயர்ந்த முதுகுள்ள மரக்கதிரை ஒன்று போட்டிருக்கும். அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துவாய் நான்கு மூலையும் சரியாக மடித்து விரித்திருக்கும். அதில் வேறு எவரும் இருப்பதில்லை. இருக்கக்கூடாது என்று அவர் சொன்னதுமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கதிரையையும் அதில் இருப்பவரையும் பார்த்துவிட்டு, இது அவருடைய வீடு என்றே நினைத்துக்கொண்டு போவார்கள். அவர் அதைத் திருத்துவதில்லை.

அந்த வீட்டின் ஒரே பிள்ளை மயூரா பன்னிரண்டாம் வகுப்பில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்ததை அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். கச்சேரியிலும் படம் கீறுகிறவர்கள் இருந்தார்கள், மரியாதையான மனிதர்கள், கழுத்துப்பட்டி கட்டித்தான் வேலைக்கு வருவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான்கு வீடு தள்ளி இருக்கும் வரதராஜனின் பேத்தி சுலக்சனாவும் அதே வகுப்பில் சித்திரம் படிக்கிறாள் என்பதும் ஓர் ஆறுதல்.

சிக்கல் ஜேர்னலில் தொடங்கியது. சித்திரம் படிக்கிற பிள்ளைகள் ஒரு வருடம் முழுவதும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். என்ன யோசித்தார்கள், என்ன கீறினார்கள், எது சரிவரவில்லை, அதன் பிறகு என்ன செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைத்தான் ஜேர்னல் என்றார்கள். பெற்றோரைச் சந்திக்கும் நாளில் சித்திர ஆசிரியை மிஸ் டோனெலி அதைத் தூக்கிக் காட்டி, "எவ்வளவு அருமையான அலங்கோலம்!" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண்கள் மின்னத்தான் சொன்னார். கணேசலிங்கத்துக்கு அலங்கோலம் மட்டும்தான் கேட்டது. பக்கத்து மேசையில் வரதராஜன் இருந்ததால் இரண்டு மடங்காகக் கேட்டது.

"ஆனால் மயூரா இன்னும் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடிக்கவில்லை," என்றார் மிஸ் டோனெலி. "இறுதிப் படைப்பு என்னவென்றும் முடிவாகவில்லை. அவசரமில்லை. செப்ரெம்பர் விடுமுறையில் ஜேர்னலை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு பாடத்தைப் படிக்கட்டும். விடுமுறை முடிந்து வருகிற புதன்கிழமை நான்கு மணிக்கு ஜேர்னல் என் கைக்கு வரவேண்டும். இறுதிப் படைப்புக்கு அதன் பிறகு பத்து நாள்."

மயூரா சொன்னபடியே செய்தாள். விடுமுறையில் ஒவ்வொரு நாளும் காலையில் கணிதம் படிக்க நூலகத்துக்குப் போனாள். அவளுடைய அம்மா மிருணாளினி இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும், அருந்தவன் ரயில் திருத்துகிற வேலைக்கும் போனார்கள். ஜேர்னல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வீட்டில் கணேசலிங்கம் தனியே இருந்தார். யாராவது அப்படி ஒரு கொப்பியையும் அப்படி ஒரு மனிதரையும் ஒரே வீட்டில் தனியே விட்டுப் போவார்களா?

முதல் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை வைத்த வளையம் ஒன்று. அதற்கு ஓர் அம்புக்குறி போட்டு, 'நான் கீறியதைவிட இது வடிவாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் கிளேட்டன் ரயில் நிலையம். அதன் மேல் குறுக்காக ஒரு பெரிய வெட்டு. ஏழாம் பக்கத்தில் அம்மாவின் கை. பக்கத்தில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. பதினோராம் பக்கத்தில் 'எல்லாம் குப்பை' என்று மட்டும் எழுதியிருந்தது. பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து ஒரு கதிரை. பிறகும் கதிரை. மறுபடியும் கதிரை. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, நிலத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து, மூன்று காலோடு, காலே இல்லாமல். அவர் விரல்விட்டு எண்ணினார். ஐம்பத்தொரு கதிரை. எல்லாம் அவருடைய கதிரை. ஒன்றிலும் அவர் இல்லை.

ஆள் இல்லாத கதிரை, அதன் முதுகில் வெள்ளைத் துவாய்! எங்கள் சனம் ஒன்று இதைப் பார்த்தால் செத்தவீடென்று நினைத்து உடனே குரலைத் தாழ்த்திக் கேட்கும்: "ஐயா எப்ப மோசம் போனவர்?"

முப்பத்துமூன்றாம் பக்கத்தில் மட்டும் அவர் இருந்தார். சாரம் கட்டியபடி குனிந்து தபால்பெட்டியில் கடிதம் எடுக்கிறார். பின்னாலிருந்து கீறியிருந்தாள். படம் அவரைப்போல இல்லை என்று சொல்ல வழியில்லை, அதுதான் பிரச்சினை. கீழே, 'பெரியப்பா கதிரையில் இருந்தால் ரீவியும் நிமிர்ந்து நிற்கும் என்கிறாள் அம்மா' என்று ஒரு குறிப்பு.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குப் பெரிய நிம்மதி வந்தது. இது வரைவு! எந்தக் கந்தோரிலும் முதலில் வரைவு, பிறகு நல்ல பிரதி. வரைவில் வெட்டலாம், குத்தலாம், வெங்காயத் தோலும் ஒட்டலாம். மேலிடத்துக்குப் போவது நல்ல பிரதி. பாவம், இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரைவையே தூக்கிக் கொடுக்கப் போகிறாள்.

அன்று பின்னேரமே தடித்த மட்டையுள்ள ஒரு புதுக் கொப்பி வாங்கி வந்தார்.

ஒன்பது நாள் வேலை. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பகல் ஒரு மணிநேரம் ஓய்வெடுத்து, மூன்றரைக்கு எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிடுவார். சிவப்பு மையால் ஓரக்கோடு அடித்தார். பொருளடக்கம் போட்டார். எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். படங்களை யன்னல் கண்ணாடியில் வைத்து ஒற்றினார். கோடு கோணியிருந்தால் நிமிர்த்தினார். ஐம்பத்தொரு கதிரைக்குப் பதிலாக அளவுநாடா பிடித்து ஒரே ஒரு சரியான கதிரை கீறினார்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், சென்ரிமீற்றரில். 'எல்லாம் குப்பை' என்ற பக்கத்தை விட்டுவிட்டார். வெங்காயத் தோல் இருந்த இடத்தில் 'இங்கே ஒரு வெங்காயத் தோல் ஒட்டப்பட்டிருந்தது' என்று பெட்டி கட்டி எழுதினார். தேத்தண்ணீர் வளையத்தை வைத்து அரைநாள் யோசித்தார். கடைசியில் கவராயத்தை எடுத்துச் சுத்தமாக ஒரு வட்டம் போட்டார். முப்பத்துமூன்றாம் பக்கம் வந்ததும் 'இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது' என்று எழுதினார்.

ஜேர்னலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை மிஸ் டோனெலி திகதி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். இன்னொருவரின் கையெழுத்தைப் பார்த்துப் போடுவது குற்றம். நொத்தாரிசின் மகனுக்கு அது தெரியாதா? முறை எப்படியோ அப்படியே, அந்தந்த இடத்தில் '(ஒப்பம்) எம். டோனெலி' என்று எழுதினார். கடைசிப் பக்கத்தின் அடியில், 'இது மூலத்தின் உண்மைப் பிரதி என அத்தாட்சிப்படுத்துகிறேன். க. கணேசலிங்கம், தலைமைக் கிளாக்கர் (ஓய்வு)' என்று எழுதித் தன் கையெழுத்தை வைத்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்து ஒருகாலத்தில் அரசாங்க அதிபரே எழுந்து வந்திருக்கிறார்.

பிறகு வரைவைக் கிழித்தார். அதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கம்பிச் சுருளிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கழற்றுவார். நடுவே மடிப்பார். மடிப்பின் மேல் நகத்தால் ஒருதரம் இழுப்பார். கிழிப்பார். இரண்டையும் சேர்த்து மறுபடி மடித்து நகம் இழுத்துக் கிழிப்பார். ஒரு தாளுக்குச் சரியாக நான்கு துண்டு. கத்தரிக்கோலால் வெட்டினாலும் அவ்வளவு நேராக வராது. துண்டுகளைக் கடதாசிக் குப்பை போடும் மஞ்சள் மூடித் தொட்டியில் போட்டுவிட்டு, நல்ல பிரதிக்கு உறை போட்டு மயூராவின் பைக்குள் வைத்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது நொத்தாரிசு வீட்டுப் பழக்கமல்ல.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மிஸ் டோனெலி. வீட்டுப் பெரியவர் யாராவது உடனே வரமுடியுமா என்று கேட்டார்.

பாராட்டை மாணவியிடம் சொல்லி அனுப்பாமல் நேரில் கூப்பிட்டுச் சொல்வது நல்ல பண்பு என்று கணேசலிங்கம் நினைத்தார். கருநீலக் கோட்டை அணிந்தார். கழுத்துப்பட்டி கட்டினார். குடையை எடுத்துக்கொண்டார், வெயில்தான், ஆனால் வசந்த காலத்தில் மக்பைக் குருவிகள் குஞ்சைக் காக்கிறோம் என்று தெருவால் போகிறவர் தலையில் கொத்த வரும்.

சித்திர அறையில் மிஸ் டோனெலி இருந்தார். மேசையில் உண்மைப் பிரதி இருந்தது. பக்கத்தில் மயூரா கண் சிவந்து நின்றாள். ஆனந்தக் கண்ணீர் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"மிஸ்டர் கணேசலிங்கம், இது உங்கள் கையெழுத்தா?" ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை."

"மிகவும் அழகான கையெழுத்து."

"நன்றி. கடைசிப் பக்கத்தில் அத்தாட்சி இருக்கிறது."

"பார்த்தேன்." மிஸ் டோனெலி முதல் பக்கத்தைத் திருப்பினார். "தேநீர்க் கறையைக் கவராயத்தால் கீறியிருக்கிறீர்கள்."

"கையால் கீறினால் வட்டம் சரிவராது."

மிஸ் டோனெலி வாயைப் பொத்திக்கொண்டார். இருமினாரா, வேறேதுமா என்று தெரியவில்லை. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "மூலம் எங்கே?"

"அழிக்கப்பட்டது."

"அழிக்க..."

"பிரதியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வரைவை வைத்திருக்கக்கூடாது, மிஸ். ஒரு காணிக்கு இரண்டு உறுதி இருந்தால் வழக்கு வரும்."

"பெரியப்பா!" மயூராவின் குரல் உடைந்தது. "கிழிச்சுப்போட்டீங்களா? ஃபுல்லாவா?"

"நாலு நாலாக் கிழிச்சனான், பிள்ளை. கண்டபடி கிழிக்கேல்லை."

"ஓ மை கோட். ஃபிஃப்ரி வன் செயார்ஸ், பெரியப்பா!"

"ஓம், ஐம்பத்தொண்டு. நானும் எண்ணினனான்."

மிஸ் டோனெலி கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் அமர்ந்தார். பொறுமையாகத்தான் சொன்னார். புள்ளி அந்தப் பிழைகளுக்குத்தான். எங்கே தடுமாறினாள், எதை வெட்டினாள், வெட்டிய பிறகு என்ன செய்தாள் என்பதைப் பார்த்துத்தான் புள்ளி போடுவது. அந்தக் கொப்பி வளர்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஆசிரியை கையெழுத்து வைக்க வேண்டும். இந்த அழகான கொப்பியில் வைக்க முடியாது, இதில் மயூரா இல்லை. புதன்கிழமை நான்கு மணிக்கு மூலம் வரவில்லையென்றால் அவள் சித்திரத்தில் சித்தியில்லை, பெயில்தான். சித்திரம் சித்தியில்லையென்றால் அவள் கேட்டிருக்கும் பல்கலைக்கழக வடிவமைப்புப் படிப்பும் இல்லை.

"பிழைக்குப் புள்ளியா?" என்று கேட்டார் கணேசலிங்கம்.

"பிழையை என்ன செய்தாள் என்பதற்கு."

நொத்தாரிசு வீட்டின் மூத்த மகன் உண்மைப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒன்பது நாள் குந்தியிருந்து, அந்தக் கொப்பியில் பிள்ளையின் கை பட்ட இடங்களை ஒன்றும் விடாமல் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருக்கிறார் என்பது மெல்ல மெல்ல அவருக்கு விளங்கியது. குடும்பத்தின் பெயரைக் காக்கப் போய் அந்தக் குடும்பத்தின் ஒரே பிள்ளையைச் சித்தியில்லாமல் ஆக்கப் பார்த்தார்.

"தொட்டி எப்ப எடுப்பினம்?" என்று மயூரா கேட்டாள்.

"நாளைக்கு விடிய."

மிஸ் டோனெலி அவளை வீட்டுக்குப் போக விட்டார். அவள் பத்தடி முன்னால் நடந்தாள். பூங்கா மூலையில் மக்பை ஒன்று மரத்திலிருந்து கிளம்பியது. கணேசலிங்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்க் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். குருவி அவருடைய தலையில் கொத்திவிட்டுப் போனது. ஆனால் அதன் பிறகு அவள் பத்தடி முன்னால் நடக்கவில்லை.

கராஜில் மஞ்சள் மூடித் தொட்டியைக் கவிழ்த்தார்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அந்த வீட்டில் எந்தக் கடதாசியையும் கணேசலிங்கம்தான் கிழித்துப் போடுவார். மின்சாரக் கடிதம், மாநகரசபைக் கடிதம், பல்வைத்தியர் கடிதம், கடை விளம்பரம் எல்லாமே நான்கு நான்காக, ஒரே அளவில், நேராகக் கிழிந்து கிடந்தன.

நான்கு மணிக்கு மிருணாளினி வேலையால் வந்தாள். சங்கதியைக் கேட்டாள். கைப்பையைக்கூட வைக்காமல் நிலத்தில் குந்தினாள்.

"என்ன அத்தான் இது? எல்லாத்தையும் ஒரே அளவில கிழிச்சு வைச்சிருக்கிறீங்கள்!"

"அது ஒழுங்கு, மிருணா."

"உங்கட ஒழுங்கால இப்ப பிள்ளையின்ர படம் எது, பல்வைத்தியரின்ர கடிதம் எது எண்டு தெரியேல்லை."

"தெரியும். இஞ்ச தா." அவர் கோட்டைக் கழற்றி மடித்துக் கார் மேல் வைத்தார். சாக்கு ஒன்றை விரித்து நிலத்தில் அமர்ந்தார். அவர் நிலத்தில் இருந்ததை மிருணாளினி அதுவரை கண்டதில்லை. ஒரு துண்டை எடுத்தார். "இது ஒன்பதாம் பக்கம், மேல் வலது." இன்னொன்று. "இது இருபத்திநாலாம் பக்கம், கீழ் இடது. இந்தக் காலுக்கு நிழல் போட்டிட்டு அழிச்சவள். அழிச்ச இடம் தெரியுது, பார்." இன்னொன்று. "இது உன்ர கை. சின்ன விரலை மூண்டுதரம் கீறினவள், மூண்டாவது தரம்தான் சரிவந்தது."

மயூரா நிமிர்ந்து பார்த்தாள். "எப்பிடித் தெரியும் பெரியப்பா?"

"ஒன்பது நாள் பாத்தனான், பிள்ளை."

மிஸ் டோனெலி உட்பட உலகத்தில் வேறு ஒருவரும் அந்தப் படங்களை அவ்வளவு நேரம் பார்த்திருக்கவில்லை. அதுவும் உண்மை.

நாலரைக்கு அருந்தவன் வந்து சேர்ந்தான். செலோரேப் ஒட்டுநாடாவோடு அவனையும் இருத்தினார்கள். வந்ததும் வராததுமாக ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தான். சாரம், குனிந்த முதுகு, தபால்பெட்டி.

"அண்ணை, இது நீங்களல்லோ?"

"தலை இல்லாமல் நான் எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

"தலை தேவையில்லை அண்ணை."

மிருணாளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அவளுடைய கைக்கே ரீவி நிமிர்ந்து நிற்கிற குறிப்பு வந்து சேர, குலுங்கிய தோள் சட்டென்று நின்றது.

"அது அத்தான், நான் சும்மா பகிடிக்கு..."

"முப்பத்துமூண்டாம் பக்கம், கீழ் இடது," என்றார் கணேசலிங்கம், அவளைப் பார்க்காமல். "ஒட்டு."

அருந்தவன் ரயிலைத் திருத்துவதில் கெட்டிக்காரன். கடதாசி அவனுக்குச் சரிவராது. பசியும் சேர்ந்துகொண்டது. அம்மாவின் கையில் ரயில் நிலையத்தை ஒட்டினான். பல்வைத்தியரின் கடிதத்தில் கதிரைக் காலை ஒட்டினான். கணேசலிங்கம் ஒவ்வொன்றாக வாங்கி ரேப்பை உரித்துத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கதிரையை ஒட்டி நீட்டினான். முதுகு ஒரு பக்கத்திலிருந்து வந்தது, இருக்கை இன்னொரு பக்கத்திலிருந்து, ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறிசு. கோடுகள் ஒன்றுக்கொன்று சந்திக்கவேயில்லை.

"இதுவும் பிழை. தா," என்று கணேசலிங்கம் கையை நீட்டினார்.

"டோன்ட் ரச் இற்!" மயூரா கத்தினாள். "ஒருத்தரும் தொடாதேங்கோ."

அந்தத் தாளை வாங்கிக் கராஜ் கதவில் சாய்த்து வைத்து, பின்னால் போய் நின்று பார்த்தாள். கிட்ட வந்தாள். மறுபடி பின்னால் போனாள். ஒரு வருடமாகக் கதிரையைப் பார்த்துக் கதிரையைக் கீறியவள், கதிரையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டதுபோல நின்றாள்.

"ஆரோ இப்பத்தான் எழும்பிப் போன மாதிரிக் கிடக்கு," என்றாள் மிருணாளினி மெதுவாக.

"இல்லை," என்றார் கணேசலிங்கம். அவருக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. "வந்து இருக்கப் போற மாதிரி."

"எக்ஸாக்ற்லி," என்றாள் மயூரா. "எக்ஸாக்ற்லி, பெரியப்பா." அன்று அவள் அவரைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒட்டி முடிந்தது. ஏழு துண்டுகள் கிடைக்கவில்லை. ஒட்டிய தாள்களைக் கட்டியபோது கொப்பி தலையணைபோல உப்பியிருந்தது. மயூரா ஒரு புதுத்தாளை அவர் முன் வைத்தாள்.

"என்ன நடந்தது எண்டு நீங்களே எழுத வேணும். மிஸ் கேட்டவ. இதிலயே நேராய் எழுதுங்கோ."

"முதல் வேற தாளில எழுதிப் பாத்திட்டு..."

"நோ."

"வரைவு இல்லாமலோ?"

"நோ, பெரியப்பா."

அவர் பேனையைத் திறந்தார். கழுத்துப்பட்டியை இறுக்கினார். 'இந்தக் கொப்பியை நான் தவறுதலாகக் கிழித்தேன்' என்று எழுதினார். பிறகு கோடு அடிக்கும் அடிமட்டத்தை எடுத்து வைத்து, 'தவறுதலாக' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு வெட்டினார். அது தவறுதலாக நடந்ததல்ல. தெரிந்துதான் கிழித்தார். கீழே எழுதினார்: 'அதற்கு எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.' கையெழுத்து வைத்தார். வெட்டிய இடத்தில் முறைப்படி இன்னொரு சின்னக் கையெழுத்தும் வைத்தார்.

மயூரா அதை வாசித்தாள். கொப்பியின் கடைசியில் ஒட்டினாள். புதன்கிழமை மூன்றே முக்காலுக்கு மிஸ் டோனெலி அதன் கீழே திகதி போட்டுத் தன் கையெழுத்தை வைத்தார்.

அன்று பின்னேரமே மயூரா ஆள் உயரத் தாள்களைக் கராஜ் சுவரில் ஒட்டிக் கரியால் கதிரை கீறத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு ஒரு வழி இருந்தது. அது யாருக்கும் சொல்லித் தரமுடியாத வழி. நான்கு கதிரை கீறுவாள். நான்கையும் கிழிக்க வேண்டும். துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். சரிவராவிட்டால் இன்னும் நான்கு. கிழிப்பதில்தான் இடறியது. அவள் கிழித்தால் துண்டுகள் கோணிப்போயின. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியவில்லை. வியாழக்கிழமை குசினி வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நீங்க கிழிச்சாத்தான் ஒரே அளவா வரும்."

கணேசலிங்கம் கராஜுக்குப் போய்ப் பார்த்தார். அவருடைய கதிரை, துவாயின் மடிப்புக்கூடத் தவறாமல், ஆள் உயரத்தில் நின்றது. பிள்ளைக்குக் கை இவ்வளவு வந்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"நல்ல படத்தை என்னண்டு பிள்ளை கிழிக்கிறது?"

"என்ர ஒரு வருசத்தைக் கிழிச்சனீங்கள். இதைக் கிழிக்க ஏலாதோ?"

கணேசலிங்கம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மடித்தார். நகத்தால் இழுத்தார். கிழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாளில் முப்பத்தாறு கதிரை கிழித்தார். கடைசிப் பத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு கிழித்தார். அதற்கு ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: முப்பத்துமூன்றாம் பக்கம் சுவருக்கு வரக்கூடாது. அவள் ஒத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி தொடங்கிய மாலை நல்ல கூட்டம். நடுச்சுவர் முழுவதும் மயூராவின் நான்கு கதிரையும் நின்றன. பதினாறு துண்டு, கோடுகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு. கணேசலிங்கம் கருநீலக் கோட்டோடு அதற்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார், யாரும் சொல்லாமலே காவலுக்கு. வரதராஜன் வந்தார். கையில் கண்காட்சிக் கையேடு, தடித்த ஒற்றைத் தாள். அதன் முகப்பில் அவருடைய பேத்தி சுலக்சனா வரைந்த மயில், எண்ணெய் வர்ணத்தில், தோகையில் ஒரு கண்கூடக் குறையாமல்.

"முகப்பில போட்டிருக்கினம், பாத்தீரோ கணேஸ்?"

"பாத்தன். நல்ல சுத்தமான வேலை."

வரதராஜன் சுவரைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சரித்தார். மற்றப் பக்கம் சரித்தார். குரலைத் தாழ்த்தினார். "இது உம்மட கதிரையல்லே? ஏன் துண்டு துண்டாக் கிடக்கு? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

பக்கத்தில் நின்ற மிருணாளினி மூச்சை இழுத்தாள். மொடேர்ண் ஆர்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரதராஜன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கணேசலிங்கத்துக்கும் அந்த வார்த்தை தெரியும். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கிழிச்சது நான்."

"நீரோ!"

"நான்தான். முதல் அவளின்ர கொப்பியைக் கிழிச்சனான், கேக்காமல். அது என்ர பிழை. பிறகு இதுகளைக் கிழிச்சனான், அவள் கேட்டு. பிள்ளை கீறும், நான் கிழிப்பன், பிள்ளை மாத்தி ஒட்டும். அதுதான் அவளின்ர முறை. புத்தகத்தில கிடையாது."

வரதராஜன் சுவருக்குக் கிட்டப் போய்த் துண்டுகளின் விளிம்பை உற்றுப் பார்த்தார். "சும்மா போம் கணேஸ். இது மெசினால வெட்டினது. கையால இவ்வளவு நேராக் கிழிக்கேலாது."

பிழை என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார். மெசின் என்று சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு தாள் தாரும்," என்றார்.

வரதராஜன் யோசிக்காமல் கையில் இருந்ததைக் கொடுத்தார். கணேசலிங்கம் வாங்கினார். நடுவே மடித்தார். நகத்தால் இழுத்தார். கிழித்தார். மறுபடி மடித்தார். "அத்தான்!" என்றாள் மிருணாளினி. நகத்தால் இழுத்தார். கிழித்தார். மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறு கோடியில் மிஸ் டோனெலியோடு கதைத்துக்கொண்டிருந்த மயூரா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

வரதராஜன் தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு கணேசலிங்கத்தின் கையைப் பார்த்தார். மயிலின் தலை ஒரு துண்டில், கால் ஒரு துண்டில், தோகை இரண்டில். விளிம்பில் ஒரு நூலும் பிசிறவில்லை.

"இந்தாரும்," என்று கணேசலிங்கம் துண்டுகளை அடுக்கி அவர் கையில் வைத்தார். "நாலும் இருக்கு. அளந்து பாரும்."

வரதராஜன் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். மயிலின் தலையை எடுத்துத் தோகைத் துண்டொன்றின் மேல் வைத்து அளந்தார். சரியாக இருந்தது.

"எனக்கொண்டும் விளங்கேல்லை," என்றார் கடைசியில். "ஆனால் நேராத்தான் கிழிச்சிருக்கிறீர்."

"அதைச் சொல்லும்," என்றார் கணேசலிங்கம்.